வீட்டுக் கொல்லையில் காய்கறித் தோட்டம்



நம் தோட்டத்து லயன் வீடுகளின் பின்புறத்தை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். சமையற்கட்டின் பின்வாசல், அதையடுத்துத் துணி துவைக்கும் கல், அப்பால் கழிவுநீர்க் கால்வாய், அதற்கும் அப்பால் செம்பனை வரிசை தொடங்கும் வரையில் பத்துப் பன்னிரண்டு அடி நிலம். சில வீடுகளில் அந்நிலத்தில் முருங்கையும் கருவேப்பிலையும் செழித்து நிற்கின்றன. பல வீடுகளில் லாலாங் புல்லும் உடைந்த நாற்காலியுமே இருக்கின்றன. முருங்கை மரத்தை வளர்த்து வைத்திருப்போரும் மாலையில் வரும் காய்கறி வண்டியை எதிர்பார்த்துக் கீரைக்காகக் காத்து நிற்பதுண்டு.

அந்த வண்டி வராமற்போன காலத்தை நாம் மறந்துவிடலாகாது. 2020 ஆம் ஆண்டு மார்ச் 18 ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கேமரன் மலையில் விளைந்த காய்கறிகள் சந்தைக்குச் செல்ல வழியின்றிக் கொட்டப்பட்டன; சமவெளியிலோ நாம் வெங்காயமும் கருவாடும் கொண்டு சமாளித்தோம். இதற்கு முன்பும் இந்நாடு இத்தகைய நிலையைக் கண்டதுண்டு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காதபோது நம் முன்னோர் மரவள்ளிக்கிழங்கை நட்டே உயிர் பிழைத்தனர். 1974 ஆம் ஆண்டு துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்த காலத்தில், ‘புக்கு ஹிஜாவ்’ எனும் பச்சைப் புத்தகத் திட்டத்தின் வழி வீட்டைச் சுற்றி உணவுப் பயிரிடுமாறு அரசாங்கம் மக்களை ஊக்குவித்தது. உங்கள் பாட்டிமார்களைக் கேட்டால் அதைப்பற்றிச் சொல்லுவார்கள்.

நம் பாடத்திட்டத்தில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடத்திலும் பயிர்வளர்ப்பு இடம்பெறுகிறது. வகுப்பறையில் கற்பதை வீட்டில் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை. இதில் கூறப்படுவன யாவும் கையில் சங்குலும் ஒரு வாளியும் மட்டும் உள்ள குடும்பத்தாலும் செய்யக்கூடியவை.

முதலில் இடம். காய்கறிச் செடிக்கு நாள் ஒன்றுக்கு ஐந்து ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். கித்தா மரத்தின் நிழலிலோ செம்பனை மட்டையின் அடியிலோ வெண்டி காய்க்காது. உயரமாக வளர்ந்து இலை மட்டும் விடும். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகள் காலை எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு ஆகிய நேரங்களில் கொல்லைக்குச் சென்று, நிழல் விழும் எல்லையில் ஒரு குச்சியை ஊன்றி வைக்கட்டும். மாலையில் குச்சிகளைப் பார்த்தாலே வெயில் அதிகம் படும் இடம் எதுவென்று விளங்கிவிடும். நிலம் தோட்ட நிர்வாகத்திற்கு உரியதாகையால் பயிரிடுமுன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை. அப்படியே, வீட்டருகே களைக்கொல்லி மருந்தடிக்கும் நாள் எதுவென்பதையும் மண்டோரிடம் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். காற்றில் மிதந்து வரும் மருந்துத் துளி கீரையின்மீது படுமானால் அக்கீரையை உண்ணலாகாது.

இனி மண்ணைப்பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டியுள்ளது. தொடங்குவோர் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். “கித்தாவும் செம்பனையும் இவ்வளவு நன்றாக வளரும் மண்ணில் கத்திரிச் செடி மட்டும் ஏன் மஞ்சளடித்துப் போகிறது?” என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. தீபகற்பத்தின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அம்மழைநீர் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் பிற சத்துகளையும் கரைத்துக் கீழே கொண்டு போய்விடுகிறது. எஞ்சி நிற்கும் செம்மண் புளிப்புத் தன்மை உடையதாகிறது. புளிப்பை அளக்கும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே புளிப்பு. நம் செம்மண் பெரும்பாலும் 4 க்கும் 5 க்கும் இடையில் இருக்கும். கித்தாவும் செம்பனையும் அப்புளிப்பைத் தாங்கும். காய்கறிகளுக்கோ 6 க்கு அருகில் வேண்டும்.

இதற்கு மருந்து சுண்ணாம்பு. விவசாயப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் தூளை ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி அளவில் தூவி, மண்ணோடு கொத்திக் கலந்து, இரண்டு வாரம் விட்டுவிட வேண்டும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது காரம் மிகுந்தது. தூள் வாங்க இயலாதவர்கள் விறகடுப்புச் சாம்பலைத் தூவலாம். இரண்டு வாரம் கழிந்த பின்னரே எரு இடவேண்டும். அவசரப்பட்டு இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி எழும். அந்த நெடிதான் எருவிலுள்ள தழைச்சத்து ஆவியாகக் காற்றோடு போவதன் அடையாளம். காசு கொடுத்து வாங்கிய எரு கண்முன்னே பறந்து போகிறது என்க.

பாத்தியின் அகலம் ஒரு மீட்டருக்கு மேற்பட வேண்டா. இரு பக்கத்திலிருந்தும் பத்து வயதுப் பிள்ளையின் கை நடுப்பகுதியை எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைத்து மிதித்தால் மண் இறுகிவிடும். உயரம் ஒரு சாண் இருத்தல் நலம். அடைமழை பெய்யும் நாட்டில் பள்ளப் பாத்தி குளமாகிவிடும். வேர் மூச்சு முட்டி அழுகும். நிலம் சரிவாக இருந்தால் சரிவுக்குக் குறுக்காகப் பாத்தி அமைக்க வேண்டும்.

எருவுக்கு நமக்குக் குறைவில்லை. ஆட்டுப்புழுக்கை, மாட்டுச்சாணம், கோழி எச்சம் யாவும் லயத்திலேயே உண்டு. ஆனால் கோழி எச்சத்தைப் புதிதாக இட்டால் செடி கருகிவிடும். இரண்டு மூன்று மாதம் மட்க விடவேண்டும். ஆண்டின் தொடக்க மாதங்களில் கித்தா மரங்கள் இலையுதிர்க்கும்போது சருகைக் கூட்டி எரிக்காமல், ஓர் அடி சருகு, அதன்மேல் சிறிது சாணம், அதன்மேல் காய்கறித் தோல் எனக் குவித்து, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை புரட்டி வந்தால் மூன்று மாதத்தில் கரிய மட்கு உரம் கிடைக்கும். புரட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செம்பனையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு மட்கும் குவியலில்தான் முட்டையிடும். பழுப்புத் தலையோடு பிறை போல் வளைந்து கிடக்கும் பருத்த வெள்ளைப் புழுக்களைக் கண்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். கோழி மகிழும், நிர்வாகமும் மகிழும். தோட்டத்துக் கிடங்கிலுள்ள உரமூட்டையைப்பற்றி நான் ஏதும் கூறவில்லை. அது தோட்டத்து மரங்களுக்கு உரியது, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது மிக முக்கியமான செய்திக்கு வருகிறேன். சென்ற ஆண்டு நம் பள்ளித் தோட்டத்திற்கு நீர் ஊற்றுவதற்காக ஒரு மாணவன் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் கலன் ஒன்றைக் கொண்டு வந்தான். நல்ல கைப்பிடியும் மூடியும் உள்ள உறுதியான கலன்தான். அதன் பக்கத்தில் பாதி கிழிந்த தாளில் மண்டை ஓட்டுப் படம் இருந்தது. களைக்கொல்லிக் கலன் அது. வீட்டார் சவர்க்காரமிட்டுப் பலமுறை கழுவியே கொடுத்திருந்தனர். பள்ளிக்கு உதவ வேண்டுமென்ற நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆயினும் பெற்றோர்களே, மருந்து பிளாஸ்டிக்கின் சுவரில் ஊறி நிற்கும். சவர்க்காரம் அதை எடுக்காது. அக்கலனில் நீர் பிடித்துக் கீரைக்கு ஊற்றுவதும், அதை வெட்டித் தொட்டியாக்கி மிளகாய் நடுவதும், அதில் குடிநீர் நிரப்பி வேலைக்காட்டுக்குக் கொண்டு செல்வதும் கூடவே கூடாது. காலியான கலனை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, பின் கலனில் துளையிட்டுக் கிடங்கில் ஒப்படைப்பதே முறை. துளையிடுவது, வேறு யாரும் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லாதிருப்பதற்காக.

பாராகுவாட் எனும் களைக்கொல்லி 2020 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டு நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. ஒரு மிடறு உள்ளே போனாலும் உயிரைக் குடிக்கும் நஞ்சு அது. அதற்கு முறிமருந்து இல்லை. பழைய போத்தல் எதுவும் கூரை இடுக்கிலோ கோழிக்கூட்டின் பின்னாலோ இன்னும் கிடந்தால், பிள்ளைகள் தொடாமல் பெரியவர்களிடம் கூறவேண்டும். பெரியவர்கள் அதைக் கிடங்குப் பொறுப்பாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும். மாணவர்களுக்கு நான் வைக்கும் விதி எளியது: எதற்குப் பயன்பட்டது என்று தெரியாத கலன் நம் தோட்டத்திற்குள் வரக்கூடாது. சமையல் எண்ணெய்த் தகரம், பால்மாவு டின், அரிசிப்பை, செம்பனை நாற்றுக்குரிய கறுப்புப் பை ஆகியவை போதும். அடியில் நான்கைந்து துளைகள் இடுங்கள்.

என்ன பயிரிடலாம்? முதல் முறை தக்காளியும் கோசும் வேண்டா. கோசு மலைக் குளிருக்கு உரியது. தக்காளி நம் வெப்பத்தில் எளிதில் நோய்ப்படும். கங்கோங், வெண்டி, பயற்றங்காய் ஆகிய மூன்றில் தொடங்குங்கள்.

கங்கோங் ஏறத்தாழ முப்பது நாளில் அறுவடைக்கு வரும். தொடங்குவோர் பாத்தி முழுவதும் ஒரே நாளில் விதைத்துவிட்டு, ஒரே வாரத்தில் தின்ன முடியாமல் திண்டாடுவர். பிறகு ஒரு மாதம் ஒன்றும் இராது. இங்கே ஒரு கணக்கு. மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள பாத்தியின் பரப்பு எவ்வளவு? மூன்று சதுர மீட்டர். அதை மூன்று சம பகுதியாக்கி, பத்து நாளுக்கு ஒரு பகுதியாக விதைத்தால், முதல் அறுவடை முதல் விதைப்பிலிருந்து எத்தனையாம் நாள்? அதன்பின் எத்தனை நாளுக்கு ஒருமுறை கீரை கிடைக்கும்? ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோ வீதம் கிடைத்தால் ஒரு மாதத்தில் எவ்வளவு? விடையை எழுதி, உங்கள் வீட்டில் ஒரு மாதம் கீரைக்குச் செலவாகும் வெள்ளியை அம்மாவிடம் கேட்டு அருகில் எழுதுங்கள். கங்கோங்கை வேரோடு பிடுங்காமல் இரண்டு அங்குலம் விட்டு வெட்டினால் மீண்டும் தழைக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

வெண்டி விதையை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, இரண்டிரண்டாக ஒன்றரை அடி இடைவெளியில் ஊன்றுங்கள். இரண்டும் முளைத்தால் மெலிந்ததைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். நம் மாணவர்கள் இதற்கு மட்டும் மனம் ஒப்புவதில்லை. இரண்டையும் விட்டுவைத்து இரண்டையும் நோஞ்சானாக்கிவிடுகிறார்கள். ஏழு வாரத்தில் காய்க்கத் தொடங்கும். அதன்பின் இரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்தே ஆகவேண்டும். ஒருநாள் மறந்தால் காய் நாராகிவிடும். சந்தையில் கடைக்காரர் முகம் சுளிக்கச் சுளிக்க நுனியை ஒடித்துப் பார்க்கிறோமே, அந்தச் சோதனையை நம் செடியில் தாராளமாகச் செய்யலாம். இலை நரம்புகள் மட்டும் மஞ்சள் வலைபோல் தெரியத் தொடங்கினால் அது வெள்ளை ஈ பரப்பும் நோய். அச்செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துக.

பயற்றங்காய்க்கு ஆளுயரத்துக்கு மேல் மூங்கில் கழி நட்டுக் கொடி ஏற்ற வேண்டும். இச்செடி நமக்கு ஒரு பாடமே நடத்துகிறது. காய்த்து ஓய்ந்த கொடி ஒன்றை மெல்லத் தோண்டி வேரைப் பாருங்கள். மிளகளவு முடிச்சுகள் தெரியும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அம்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. ஆகையால் மற்றக் கொடிகளைத் தரையோடு அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விட்டு, அடுத்து அங்கே கீரை விதைப்பது சிறப்பு. கொழுந்தில் கரும்பேன் போல் மொய்க்கும் அசுவினியை நீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிடலாம். போகாவிடில் ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

கத்திரியும் மிளகாயும் இரண்டாம் கட்டம். நேற்று வரை பச்சைப்பசேலென நின்ற கத்திரிச் செடி இன்று நண்பகலில் தலை தொங்கி, நீர் ஊற்றியும் நிமிராதிருந்தால், அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நுனி முழுகப் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெண்ணிற இழை பால்போல் இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அதற்கு மருந்தில்லை. செடியை மண்ணோடு அகற்றி, அவ்விடத்தில் கத்திரி, மிளகாய், தக்காளி ஆகிய மூன்றையும் நீண்ட காலத்திற்கு நடாதிருக்க வேண்டும். மூன்றும் ஒரே குடும்பம். வேலியோரத்தில் தானே வளரும் சுண்டைக்காய்ச் செடி இந்நோயைத் தாங்கி நிற்பது. அதன் தண்டில் கத்திரிக் கொழுந்தை ஒட்டுக்கட்டிப் பயிரிடுவோர் உண்டு; பெரிய மாணவர்கள் ஆசிரியர் துணையோடு முயன்று பார்க்கலாம்.

சமையலுக்கென நிரந்தரமாக நிற்க வேண்டியவை கருவேப்பிலை, முருங்கை, செரை, பாண்டான் ஆகியவை. இவற்றோடு, மலாய்க்கார அண்டை வீட்டார் செக்கூர் மானிஸ் என்று கூறும் கீரையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு சாண் குச்சியை ஊன்றினால் போதும். ஆண்டுக்கணக்கில் தழை தரும். அதை வேகவைத்தே உண்ணவேண்டும். உடல் மெலியும் என்று நம்பி அதன் பச்சைச் சாற்றை நாள்தோறும் குடித்த பலருக்கு 1990 களின் நடுப்பகுதியில் தைவானில் நுரையீரல் கெட்டது. இலை நல்லதுதான்; பச்சைச்சாறு வைத்தியம்தான் கெட்டது.

நீர் ஊற்றுவது காலையில் நன்று. அரிசி களைந்த நீரைச் செடிக்கு விடலாம். குளியல் நீரையும் சோப்பு நீரையும் கீரைக்கு விடலாகாது. இரவில் இலையைத் தின்னும் பெரிய நத்தைகளை வெறுங்கையால் தொடாமல் குச்சியாலோ பைக்குள் கையை விட்டோ எடுத்து உப்புநீரில் போடுங்கள். அவை மூளையைத் தாக்கும் புழுவைச் சுமப்பதுண்டு.

கொசுவைப்பற்றிச் சொல்லாமல் விட்டால் இத்தோட்டம் நன்மையினும் தீமையே செய்யும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏழு முதல் பத்து நாள் போதும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, வெட்டிய மூங்கில் முனை, சிரட்டை, கொல்லையில் கவிழ்க்காமல் கிடக்கும் பழைய பால் கோப்பை ஆகிய எதிலும் அது முட்டையிடும். ஆகையால் ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லாவற்றையும் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நீர்த்தொட்டியை மூடி வைக்க வேண்டும். 1975 ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி, வீட்டுச் சுற்றுப்புறத்தில் கொசுப்புழு வளர விடுவது குற்றமாகும்.

தோட்டம் கைமாறி, நிலம் வீடமைப்புக்குப் போய், குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்வதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். நம் பள்ளியிலும் அவ்வாறு பெயர் வெட்டிச் சென்ற பிள்ளைகள் உண்டு. இருபது ஆண்டுக் கருவேப்பிலை மரத்தைத் தூக்கிச் செல்ல இயலாது. ஆனால் அதன் வேரிலிருந்து பக்கத்தில் முளைக்கும் கன்றைச் சிறிது வேரோடு பிரித்து நாற்றுப்பையில் இப்போதே வைத்து வளர்த்தால், எந்த மாடிக்கும் உடன் கொண்டு போகலாம். மாடி வீட்டில் தொட்டியைக் கைப்பிடிச் சுவரின் மேலோ வெளிக் கம்பியிலோ வைக்காதீர்கள். கீழே நடப்பவர் தலைமேல் விழும். தாழ்வாரத்தின் உட்பக்கம் வெயில் வரும் மூலையில் வையுங்கள். தொட்டி மண் விரைவில் காய்வதால் வெயில் நாளில் இருவேளை நீர் வேண்டும்.

கொண்டு செல்ல இன்னும் எளியது விதை. நன்கு காய்த்த வெண்டிச் செடியில் இரண்டு காயை, பயற்றங்கொடியில் நான்கு காயைப் பறிக்காமல் முற்றிக் காய விடுங்கள். முதலில் எந்தச் செடி நன்றாக நிற்கிறதோ அதற்கே சிவப்புத் துணி கட்டி அடையாளமிடுங்கள். கடைசியில் எஞ்சிய நோஞ்சான் காயிலிருந்து விதை எடுப்பது முறையன்று. நிழலில் உலர்த்தி, சிறிது சாம்பல் கலந்து, காற்றுப் புகாத போத்தலில் இட்டுப் பெயரும் தேதியும் எழுதி வைக்கவும். கடையில் உறையில் விற்கும் கலப்பின விதையில் விளைந்த செடியிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போலவே வராது. ஆதலால் உறையில் கலப்பினம் என்று குறித்துள்ளதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வாண்டு பள்ளித் தோட்டத்தில் சேர்த்த வெண்டி, பயறு, தண்டுக்கீரை விதைகள் அலுவலகத்தை அடுத்துள்ள அலமாரியில் இருக்கின்றன. வேண்டுவோர் வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் ஈரமில்லாத சிறு போத்தல் ஒன்றைக் கொண்டு வரலாம். பணம் தேவையில்லை, அறுவடைக்குப் பின் பெற்ற அளவு விதையைத் திருப்பித் தரவேண்டும். கணக்குப் புத்தகத்தை ஆறாம் ஆண்டு மாணவர்கள் வைத்திருக்கிறார்கள்.